கோணிச்சாக்கு நாடு

பை தமிழில் பழைய சொல். இரைப்பை, கருப்பை, பித்தப்பை என்று உடம்புக்குள் இருப்பதும் அதுதான்; பாம்பு விரிக்கும் படத்துக்கும் பழைய நூல்களில் பை என்றே பெயர். ஆனால் கடைத்தெருவில் இந்தச் சொல் தனியாக நடமாடுவது குறைவு. எதைப் போடும் பை, எப்படி வாய் மூடும் பை, யார் கொடுத்த பை என்று சொல்ல முன்னால் ஒரு சொல் வந்து ஒட்டிக்கொள்ளும். சில நேரம் ஒட்டிய சொல் நின்று, பை உதிர்ந்துவிடும். ஒட்டுகிற சொல் ஊருக்கு ஊர் வேறு. அதைக் காதில் வாங்கிக்கொண்டே போவதற்குக் கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலம் செல்லும் சாலை தோதானது. மொத்தம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ரயில் பாதையும் அதே ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. கடற்கரை, முந்திரிக்காடு, நெசவூர், அன்னதானத் தலம், சுரங்கம் என்று இவ்வளவு குறைந்த தூரத்தில் இத்தனை விதமான சுமை தமிழ்நாட்டில் வேறு சாலையில் கிடைப்பது அரிது.

இந்தப் பகுதிக்கு நடுநாடு என்று பெயர். வடக்கே தொண்டை நாடு, தெற்கே சோழ நாடு, இடையில் இது. இதன் பேச்சு வழக்கைத் திரட்டி, விருத்தாசலம் பக்கத்து எழுத்தாளர் கண்மணி குணசேகரன் 2007-ல் 'நடுநாட்டுச் சொல்லகராதி'யைக் கொண்டுவந்தார். அதற்கு முன் கரிசல் காட்டுக்குக் கி. ராஜநாராயணன் 1982-லும், கொங்குக்குப் பெருமாள்முருகன் 2000-லும் அகராதி செய்திருந்தார்கள். மூவருமே கதை எழுதுகிறவர்கள். மொழியியல் துறைகள் செய்து முடித்திருக்க வேண்டிய வேலையை, பாத்திரங்களைப் பேசவைக்கச் சொல் தேடியவர்கள் செய்தார்கள்.

நடு என்ற பெயர் நிலத்துக்கு மட்டும் பொருந்துவதல்ல. சணல் சாக்கை எடுத்துக்கொண்டாலே அது தெரியும். சென்னை, காஞ்சிபுரம் பக்கம் அது கோணி, கோணிப்பை. மதுரையைத் தாண்டித் தெற்கே போனால் சாக்கு. குறிஞ்சிப்பாடியில் இரண்டும் கேட்கும். போதாததற்கு இரண்டையும் சேர்த்துக் கோணிச்சாக்கு என்றும் சொல்வார்கள். ஒரே பொருளை இரண்டு முறை சொல்வதாக இலக்கண ஆசிரியர் குறை காணலாம். வடக்கத்தி வியாபாரிக்கும் தெற்கத்தி வியாபாரிக்கும் ஒரே நேரத்தில் புரிய வேண்டிய ஊரில் இதைவிட நல்ல சொல் அமையாது. கோணி சமஸ்கிருதத்திலும் மராத்தியிலும் இந்தியிலும் உறவுள்ள சொல். ஆங்கிலேயர் சணல் சாக்குக்கு வைத்திருக்கும் பெயரும் அங்கிருந்து போனதுதான். (அதை அப்படியே தமிழில் எழுதினால் 'கன்னி' ஆகிவிடும் என்பதால் இங்கே யாரும் எழுதுவதில்லை.) சாக்கு ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த சொல் என்பது பொதுவான கருத்து. டச்சில் ஸாக், ஆங்கிலத்தில் சேக். போர்ச்சுக்கீசியர் எழுதுவது சாகோ, உச்சரிப்பது ஏறத்தாழ சாக்கு. பரங்கிப்பேட்டையில் போர்ச்சுக்கீசியரும், தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரரும், 1690 முதல் அதே இடத்துக் கோட்டையில் ஆங்கிலேயரும் சரக்கு ஏற்றி இறக்கிய கரை இது.

அந்தக் கரையில் பைக்கு முன்னோடி பறி. பனையோலையிலோ மூங்கிலிலோ முடைந்த, வாய் குறுகிய கூடை. பிடித்த மீன் துள்ளி வெளியே வராது. கடலூருக்குத் தெற்கே பிச்சாவரம், கிள்ளை உப்பங்கழிகளில் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைத் துழாவி, கையாலேயே இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும் என்பதால் கூடையின் வார் பல்லில் இருக்கும். பிடித்த இறால் நேரே முகத்துக்குக் கீழே தொங்கும் ஓலைக்குள் விழும். சுமப்பதற்குத் தலை, தோள், இடுப்பு, கை என்று நான்கு இடம் உண்டு என்று நினைப்பவர்கள் ஐந்தாவதாகப் பல்லையும் சேர்த்துக்கொள்ளலாம்.

குள்ளஞ்சாவடி வந்தால் மண் சிவக்கும், முந்திரி தொடங்கும். மார்ச் முதல் மே வரை கொட்டை பொறுக்கும் பருவம். இங்கே முதல் பை துணியில் தைத்ததே அல்ல, மடி. புடவைத் தலைப்பை முன்னால் எடுத்து இடுப்பில் செருகினால் ஒரு பை கிடைத்துவிடுகிறது. மடி நிறைந்ததும் மரத்தடியில் வைத்திருக்கும் கூடையில் கொட்டி, கூடை நிறைந்ததும் சாக்கில் கொட்டுவார்கள். காசு வைக்கும் இடம் முந்தானை முடிச்சு. ஆண்களுக்கும் மடி உண்டு, வேட்டி மடிப்பில். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்ற பழமொழி, பை வாங்கக் காசு தேவைப்படாத அந்தக் காலத்துக்குரியது.

குறிஞ்சிப்பாடி நெசவூர். கைத்தறிக் கைலிக்குப் பேர்போனது. தறியிலிருந்து இறங்கும்போது கைலி வெறும் நீளத் துணி. இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்தால்தான் உடுத்த முடியும். அந்தத் தையலுக்கு மூட்டுதல் என்று பெயர். மூட்டிய கைலி, மூட்டாத கைலி என்று கடையில் கேட்டே வாங்குவார்கள். மூட்டை என்பதும் அந்த வினையின் பிள்ளைதான்: வாயை மூட்டியது மூட்டை. இந்த ஊரில் ஒரே தெருவில் இரண்டையும் பார்க்கலாம், ஒரு வீட்டில் கைலி மூட்டுகிறார்கள், பக்கத்துக் கடையில் மூட்டை தைக்கிறார்கள். இதைப் பார்த்தபின் மற்றப் பெயர்களும் வேறு மாதிரி தெரியத் தொடங்கும். சுருக்கினால் சுருக்குப்பை. முடிந்தால் முடிச்சு. பொதிந்தால் பொதி. கட்டினால் கட்டு. மடித்தால் மடி. பழைய பெயர்களில் பாதிக்குமேல், உள்ளே போட்ட பொருள் விழாமல் இருக்கக் கை செய்த வேலையின் பெயர்கள். என்ன துணி, என்ன நிறம், எந்தக் கடை என்பதெல்லாம் பெயருக்குள் வந்தது பின்னால்தான்.

மூட்டை தைப்பதை நின்று பார்க்க ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் நல்ல இடம். இங்கே வருவது நெல், எள், உளுந்து, மல்லாட்டை. மல்லாட்டை என்பது வேர்க்கடலை. மணிலாக் கொட்டை என்ற பெயர் நடுநாட்டு வாயில் உருண்டு உருண்டு இப்படி ஆனது. நிரப்பிய சாக்கின் வாயை முதலில் இரண்டு மூலையிலும் இழுத்து, சிறு முடிச்சுப்போலத் துருத்தவிட்டுத் தைப்பார்கள். அதற்குக் காது என்று பெயர். காது சரியாக அமையாத மூட்டையைச் சுமைக்காரர் தொடத் தயங்குவார், பிடித்துத் தூக்க வேறு பிடி கிடையாது. தைக்கிற ஊசி கோணி ஊசி, விரல் நீளத்துக்கு மேல், நுனி சற்று வளைந்திருக்கும். வாங்க வருகிறவர் கையில் இருப்பது குத்தூசி: உள்ளே பள்ளம் விட்ட கூர்மையான குழல். சாக்கைப் பிரிக்காமல் பக்கவாட்டில் குத்தி உருவினால் ஒரு பிடி தானியம் பள்ளத்தில் வந்துவிடும். உருவிய இடத்தை விரலால் தேய்த்துவிட்டால் சணல் இழைகள் கூடிக்கொள்ளும், ஓட்டை தெரியாது. பிளாஸ்டிக் சாக்கில் இது நடக்காது; குத்திய ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். சணலை விட மனமில்லாத வியாபாரிகளின் காரணங்களில் இதுவும் ஒன்று.

மூட்டை என்றால் எவ்வளவு என்பது தனி வழக்கு. இந்தப் பக்கம் நெல் மூட்டை 75 கிலோ, மல்லாட்டை மூட்டை 80 கிலோ என்பது பேச்சுக் கணக்கு. காவிரி டெல்டாவுக்குப் போனால் அறுபதைச் சுற்றி நிற்கும். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையே இல்லை, அங்கே சிப்பம்; ஒரு சிப்பம் 40 கிலோ. அரிசிக் கடையிலும் சிப்பம் உண்டு, ஆனால் அது 25 கிலோவைச் சுற்றி நிற்கும். ஒரே விவசாயி காலையில் மூட்டையில் விளைச்சல் சொல்லி, மதியம் சிப்பத்தில் விற்று, மாலையில் வேறு அளவுச் சிப்பத்தில் அரிசி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். கணக்குப் புத்தகம் எதுவும் இல்லாமலே அவர் இதில் தடுமாறுவதில்லை.

விற்ற காசு போகும் இடங்களுக்கும் பெயர் உண்டு. வயதான பெண்களிடம் சுருக்குப்பை. தையல்காரர் ரவிக்கை தைத்து மிஞ்சிய துண்டுகளில் தைத்துக் கொடுப்பது. அதனால் ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் ஊதா என்று இருக்கும். உள்ளே இரண்டு மூன்று அறை. ஒன்றில் வெற்றிலை, ஒன்றில் பாக்கும் சுண்ணாம்பு டப்பியும், நடுவில் சில்லறை, மடித்து மடித்து விரல் அகலமாகிவிட்ட நோட்டு. வாயில் இரண்டு கயிறு எதிரெதிராக ஓடும். இரண்டையும் இரு பக்கம் இழுத்தால் வாய் மூடும், துணியை விரலால் அகற்றினால் திறக்கும். பொத்தானும் இல்லை, பூட்டும் இல்லை, ஆனால் இடுப்பில் செருகிய பிறகு உரிமையாளர் அறியாமல் யாரும் திறக்க முடியாது. வெற்றிலைக்கென்றே இருந்த பைக்கு இலக்கியத்தில் அடைப்பை என்று பெயர். அரசனுக்கு அதைச் சுமந்தவர் அடைப்பைக்காரர். அந்தப் பெயர் தேய்ந்து அடப்பமாகி, நாவிதர் கத்தியும் கிண்ணமும் வைக்கும் பைக்குப் போய்ச் சேர்ந்தது. விபூதிப் பைக்குப் பொக்கணம் என்று பெயர். நடுநாட்டு விவசாயிக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. நாலு விரல் அகலப் பச்சை பெல்ட்டில் காசுக்குப் பை இருக்கிறது, அதற்கும் உள்ளே பட்டாபட்டி டவுசரில் இன்னொன்று. சட்டைப்பைதான் ஊருக்கு ஊர் பெயர் மாற்றுகிறது: ஜோபி, ஜோப்பு, ஜேப்பு, சேப்பு. எல்லாம் அரபியிலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்த ஜேப்பின் திரிபு. இப்போது எங்கும் பாக்கெட்டு.

குறிஞ்சிப்பாடி பேருந்து நிலையத்தில் புதுப் பெயர்கள் காத்திருக்கும். அவற்றில் மூத்தது மஞ்சப்பை. கல்யாண வீட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கு போட்டுக் கொடுத்த தாம்பூலப்பை, பின்பு ஜவுளிக்கடை தன் பெயரை அச்சடித்துக் கொடுத்த பை. மங்கலத்துக்காக மஞ்சள். பட்டணம் போகிறவர் ஒரு மாற்று வேட்டியை அதில் வைத்து எடுத்துப் போனதால், மஞ்சப்பையோடு வந்தவன் என்றாலே பட்டிக்காட்டான் என்று பொருளாயிற்று. 2014-ல் வந்த 'மஞ்சப்பை' திரைப்படத்தின் கிராமத்துத் தாத்தாவுக்கு இந்தப் பெயர் பொருந்தியதும் அதனால்தான். பிறகு காற்று திசை மாறியது. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களில் 14 வகைக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை விதித்தது. 2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வந்தது. கேலிச் சொல் ஒன்று அரசாணைக்குள் இவ்வளவு கௌரவமாக நுழைந்தது அபூர்வம். அரசு அதை மஞ்சள் பை என்று திருத்தி எழுதாமல் மஞ்சப்பை என்று பேச்சு வழக்கிலேயே விட்டது நல்ல முடிவு.

கட்டப்பை மஞ்சப்பையின் பணக்காரத் தம்பி. கைப்பிடியில் கட்டை வைத்துத் தைத்ததால் கட்டைப்பை என்பார்கள். அடி அகலம், நிற்க வைத்தால் நிற்கும். பெரிய ஜவுளிக்கடைகளில் தீபாவளிக்குத் துணி எடுத்த குடும்பத்தை அந்தப் பையை வைத்தே அடையாளம் காணலாம். துணி தீர்ந்து பல ஆண்டு ஆன பிறகும் ரேஷனுக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் அதே பைதான் போகும்.

பிளாஸ்டிக் பையின் பெயர்தான் விசித்திரம். அறிவிப்புப் பலகையில் நெகிழிப் பை, கடைக்காரர் வாயில் கவர். "கவர் இல்லக்கா, பை கொண்டாந்தீங்களா?" என்ற கேள்வியில் கவரும் பையும் இரண்டு வெவ்வேறு சாதியாக நிற்கின்றன, தடைக்குப் பின் அந்தக் கேள்வி கூடியிருக்கிறது. கடிதம் போடுவதும் கவர், காரியம் முடிக்க மேசைக்கடியில் நீட்டுவதும் கவர், மீன் வாங்குவதும் கவர். இலங்கைத் தமிழர் இதே பொருளைச் சொப்பிங் பாக் என்றும், சுருக்கிச் சொப்பின் என்றும் சொல்வார்கள். மலேசியத் தமிழ் ஏடுகள் ஞெகிழிப் பை என்று எழுதுகின்றன. ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்குவதிலும் பாக் நீரிணைக்கு இந்தக் கரை ஒரு சொல்லையும் அந்தக் கரை வேறு சொல்லையும் தேர்ந்தெடுத்திருக்கின்றன.

குறிஞ்சிப்பாடி வட்டத்திலேயே அடுத்த நிறுத்தம் வடலூர். கடலூர்–விருத்தாசலம் சாலையும், பண்ருட்டி வழியாகக் கும்பகோணம் போகும் சாலையும் இங்கே வெட்டிக்கொள்கின்றன. 1867-ல் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு அணையவில்லை. அடுப்புக்கும் மூட்டுதல், சாக்குக்கும் மூட்டுதல். தருமசாலையில் இரண்டும் ஒன்றுக்கொன்று தேவை, மூட்டை வராமல் அடுப்பு எரியாது. அரிசியும் பருப்பும் காய்கறியும் பல ஊர்களிலிருந்து வந்து இறங்குகின்றன. தைப்பூசத்தன்று, 1872-ல் வழிபாடு தொடங்கிய சத்திய ஞான சபையில் ஏழு திரை நீக்கிச் சோதி காட்டும்போது திடலில் நிற்கும் கூட்டம் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்தது. பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பவர்கள் எழுந்து தேடும்போது கேட்டால் ஊர் தெரிந்துவிடும். ஜோல்னாப்பை என்பவர் நகரத்துக்காரர். மூட்டை முடிச்சு என்பவர் பக்கத்து மாவட்டம். பொட்டணம் என்றால் தெற்கு.

நெய்வேலியில் இந்தக் கலப்பு ஒரு நாள் திருவிழாவாக அல்லாமல் நிரந்தரமாகவே நடந்தது. 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. 1961 ஆகஸ்டில் முதல் நிலக்கரி கண்ணில் பட்டது. வேலைக்கு நாகர்கோவிலிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வேலூரிலிருந்தும் ஆள்கள் வந்தார்கள். வட்டம் வட்டமாகப் பிரித்த நகரியத்தில் அடுத்தடுத்த வீட்டில் வேறு வேறு தமிழ் குடியேறியது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ஒரு வீட்டில் புத்தகப்பை. தெற்கத்தி வீட்டில் பைக்கட்டு. ஓலையில் முடைந்த பெரிய கூடை நெல்லைக்காரருக்குக் கடாப்பெட்டி, அதாவது கடகப்பெட்டி. யாழ்ப்பாணத்தில் அது இன்னும் முழுதாகக் கடகம். செட்டிநாட்டுக்காரருக்கு ஓலையென்றால் வண்ணம் தோய்த்த கொட்டான். நடுநாட்டுக்காரருக்குக் கூடை, பேச்சில் ஐ தேய்ந்து கூட. ஒரு தலைமுறைக்குள் இந்தப் பெயர்கள் உரசி உரசிச் சமமாயின. நகரியத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லா வட்டாரத்தையும் காதால் அறிவார்கள், எதையும் சொல்வதில்லை, எல்லாவற்றுக்கும் பேக்.

அந்த நகரியத்துக்கென்று ஒரு பை இருந்தது என்றால் அது ஒயர் கூடை. பிளாஸ்டிக் ஒயரைக் கட்டுக் கணக்கில் வாங்கி, பெண்கள் மதிய வேளையில் வாசலில் உட்கார்ந்து பின்னினார்கள். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுக்குப் பெயர். கூடையை அந்த முடிச்சுப் பெயரிட்டே கேட்பார்கள். புதுப் பொருளாக இருந்தாலும் பழைய வழியில், கை செய்த வேலையின் பெயரைப் பெற்ற கடைசிப் பை இதுவாகத்தான் இருக்கும். ஷிப்டுக்குப் போகிறவரின் தூக்குவாளியும் தண்ணீர் பாட்டிலும் சாயாமல் நிற்க அதன் தட்டையான அடி வசதி. சுரங்கத்துக்குள் மண் அள்ளும் சக்கர எந்திரத்தின் ஒவ்வொரு வாளியும் 700 லிட்டர், 1400 லிட்டர் கொள்ளும். அதை ஓட்டுகிறவரின் சோறு இந்தக் கூடையில் போனது.

நெய்வேலி, பை உலகுக்குத் தந்த இன்னொன்று யூரியாச் சாக்கு. நிறுவனத்தின் உர ஆலை 1960-களில் யூரியா உற்பத்தியைத் தொடங்கியது. உரம் வயலுக்குப் போனது, சாக்கு வீட்டுக்கு வந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வேறு எந்தப் பைக்கும் இத்தனை பிறவி இல்லை. வெள்ளைப் பின்னல் சாக்கைக் கழுவி, பக்கம் வெட்டித் தைத்தால் சந்தைப்பை. பிரித்து இணைத்தால் படுதா. ஒரு யூரியா மூட்டை 50 கிலோவாக இருந்து 2018-ல் 45 கிலோ ஆனபோது விவசாயிக்கு உரம் குறைந்தது, சாக்கின் அளவில் பெரிய மாற்றம் இல்லை.

மழை பிடித்தால் சாக்குக்கு மறுபடி பெயர் மாறும். ஒரு மூலையை உள்ளே தள்ளி மறு மூலைக்குள் செருகினால் கூம்பான குல்லாய் மாதிரி வரும். தலையில் மாட்டினால் முதுகு முழுவதும் மூடும். இதற்குக் கொங்காணி என்று பெயர், கொங்கில் கொங்காடை. நடவுக்குக் குனிந்தவர் முதுகில் குடை நிற்காது, கொங்காணி நிற்கும். விருத்தாசலம் வரை சாலையோர வயல்களில் ஐப்பசி, கார்த்திகையில் வரிசையாகக் குனிந்திருக்கும் வெள்ளைக் கூம்புகள் அவைதான். முதுகுப் பக்கத்தில் உர நிறுவனத்தின் எழுத்துகள் பாதி அழிந்து தெரியும். மழை விட்டதும் அதையே உதறி, தலைக்குச் சும்மாடாகச் சுருட்டி, மேலே புல்லுக்கட்டை ஏற்றிக்கொண்டு நடப்பார்கள். கிழிந்து இழை பிரிந்தபின் அது வாசற்படிக்கு வருகிறது. அப்போது கோணி, சாக்கு, கோணிச்சாக்கு எதுவும் இல்லை. கால் மிதிப்பதால் கால்மிதி.